சுற்றி வருவதா, திரும்பி வருவதா

பலாலி விமான நிலையத்தில் என் கடவுச்சீட்டைப் புரட்டிய இளைஞர், எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒரு பஸ் வட்டமாக ஓடலாமா என்று பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். அவர் பக்கத்து மேசைக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். "சுற்றுலா என்று போட்டுவிடுகிறேன்" என்று சொல்லி முத்திரை குத்தினார்.

நான் சொன்னது உண்மைதான். சென்னையில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் எனக்கு வேலை. நகர ரயில் எந்த வழியாகப் போகலாம், எங்கே நின்று திரும்பலாம் என்று கணக்குப் பார்த்துச் சொல்கிற வேலை. வேறு மாநிலத்து நகரம் ஒன்றின் புதிய மெட்ரோ தடம் வட்டமாக இருக்க வேண்டுமா, இரண்டு முனையுள்ள கோடாக இருக்க வேண்டுமா என்பதுதான் கொஞ்ச காலமாக என் மேசையில் கிடக்கும் கேள்வி.

வட்டம் எல்லோருக்கும் பிடிக்கும். வரைபடத்தில் அழகாக இருக்கும். எந்தப் பகுதியும் கடைசி இல்லை என்பதால் எந்தப் பகுதிக்காரரும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஓட்டிப் பார்த்தால்தான் தொல்லை தெரியும். முனை என்று ஒன்று இருந்தால், தாமதமாக வந்த ரயில் அங்கே நிற்கிற நேரத்தைக் குறைத்துக்கொண்டு அடுத்த நடைக்குச் சரியாகக் கிளம்பிவிடும். வட்டத்தில் அந்த வசதி கிடையாது. காலையில் விழுந்த தாமதம் சாயங்காலம் வரை கூடவே சுற்றும். என் மேலதிகாரி வட்டத்தின் பக்கம். நான் எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியாத நேரத்தில்தான் தவராணி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

தவராணியும் நானும் சென்னையில் ஒரே வகுப்பில் புவியியல் படித்தவர்கள். போர்க்காலத்தில் அவளை அங்கே அனுப்பிவைத்திருந்தார்கள். படிப்பு முடிந்து சில ஆண்டுகளில் ஊருக்குத் திரும்பி, ஆசிரியையாகிவிட்டாள். பிறந்த ஊர் கோப்பாய், கணவருடைய ஊர் பண்டத்தரிப்பு. ஒன்று குடாநாட்டின் நடுவுக்குக் கொஞ்சம் கிழக்கே, மற்றது மேற்கே. இந்த இரண்டு ஊர்களிலிருந்தும் வெளிநாடு போனவர்கள் சேர்ந்து ஒரு பஸ் வாங்கி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே பஸ். அதை எந்த வழியில் விடுவது என்று இரண்டு ஊரும் பேச்சுவார்த்தை முறிகிற நிலையில் இருந்தன.

"நீர் வந்து ஒருக்கா பாரும் சுமதி," என்றாள். "வெளியாள் சொன்னா ரெண்டு பகுதியும் கேக்கும்."

அவள் எப்போதும் என்னை 'நீர்' என்றுதான் அழைப்பாள். கல்லூரியில் முதல் மாதம் முழுக்க என்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்திருந்தேன். 'நீ' என்பதற்கும் 'நீங்கள்' என்பதற்கும் நடுவே தோழிக்கென்று ஓர் இடம் அவர்களிடம் இருக்கிறது. எங்களிடம் இல்லை.

புதன்கிழமை, தவராணியின் கோப்பாய் வீட்டில், மதியச் சாப்பாட்டில் சாம்பாரைத் தேடினேன். சொதி இருந்தது. தேங்காய்ப்பால் விட்ட, மஞ்சள் நிறமான, தண்ணீர்போன்ற ஒன்று. ஏமாற்றத்தோடு ஊற்றிக்கொண்டேன், மூன்றாம் முறை கேட்டு வாங்கினேன். தவராணியின் அண்ணன் கந்தசாமி எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். அறுபதைத் தாண்டியவர், வெங்காயமும் பீட்ரூட்டும் பயிரிடுபவர், பஸ் குழுவின் தலைவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் முடிவாகப் பேசுவார்.

"இதிலை யோசிக்க ஒண்டுமில்லை," என்றார். "கோப்பாயிலை வெளிக்கிட்டு, தெல்லிப்பழை, பண்டத்தரிப்பு, மானிப்பாய், பட்டணம். பேந்து கோப்பாய். ஒரு வட்டம். ரெண்டு ஊரும் வருது, ஆஸ்பத்திரியும் வருது, பட்டணமும் வருது. உங்கடை பிள்ளை படிச்ச ஆள் எண்டபடியா உதை எழுதிக் குடுத்தா காணும்."

'உங்கடை பிள்ளை' என்று அவர் சொன்னது என்னை, சொன்னது தங்கையிடம். உதை என்றால் அதை, காணும் என்றால் போதும். தவராணி எனக்கு இன்னும் கொஞ்சம் கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தாள்.

அவள் சிக்கல் எனக்குப் புரிந்தது. பஸ் ஒன்றுதான். அதனால் வட்டத்தில் ஒரு திசையில்தான் சுற்றும். தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கோப்பாய்க்காரர் போவது குறுக்குவழி, வருவது ஊரெல்லாம் சுற்றி. பண்டத்தரிப்புக்காரருக்கு நேர் எதிர்: போவது சுற்றி, வருவது குறுக்கே. திசையை மாற்றினால் கஷ்டமும் இடம் மாறும், தீராது. வட்டமே வேண்டாம், கோப்பாயிலிருந்து தெல்லிப்பழை போய் அதே வழியில் திரும்பினால் போதும் என்று கோப்பாயில் சிலர். அப்படியானால் எங்கள் பிள்ளைகள் எதற்குப் பணம் அனுப்பினார்கள் என்று பண்டத்தரிப்பில் எல்லோரும். அனுமதி தரும் அலுவலகம், வழியை முடிவு செய்து எழுதித் தாருங்கள், அதுவரை தற்காலிகமாக ஓட்டிப் பாருங்கள் என்று சொல்லியிருந்தது. முடிவெடுக்க ஞாயிறு கூட்டம்.

வியாழக்கிழமை போய்த் திரும்பும் வழியை ஓட்டிப் பார்த்தோம். சாரதி அன்ரன், குருநகர்க்காரர். தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கு மட்டும் படகில் தலை சுற்றும் என்பதால் பஸ்ஸுக்கு வந்தாராம். கண்ணாடிக்கு மேலே அந்தோனியாரும் பிள்ளையாரும் ஒரே மாலையைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சென்னையிலை சாரதி இல்லாமலே ரெயின் ஓடப்போகுதாம், உண்மையோ மிஸ்?"

"ஓடும் அண்ணே."

"அப்ப பிந்தி வந்தா சனம் ஆரைப் பேசுறது?"

இங்கே பேசுவது என்றால் திட்டுவது. 

கை காட்டிய இடத்திலெல்லாம் பஸ் நின்றது. சென்னையில் நிறுத்தத்தில் ஆள் நின்றாலும் நிற்காமல் போகும் பஸ்களைப் பார்த்துப் பழகியவள் நான். இங்கே வேலிப் படலையைத் திறந்துகொண்டு ஒருவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி நடந்து வர, பஸ் காத்திருக்கிறது. ஏறுகிறவர்கள் உட்கார்ந்திருப்பவர்களின் மடியில் பையை வைத்துவிடுகிறார்கள், கேட்பதில்லை. சுன்னாகம் சந்தையில் என் மடிக்கு ஒரு வாழைக்குலை வந்தது. அதன் சொந்தக்காரி பின்பக்கம் போய்விட்டாள். தெல்லிப்பழையில் அதை வாங்கிக்கொண்டு, இரண்டு பழத்தைப் பிய்த்து என் கையில் வைத்து, "இந்தியாவோ?" என்று கேட்டாள். நான் வாயே திறக்கவில்லை. "எப்படித் தெரியும்?" என்றேன். "குலையை மடியிலை வைச்ச உடனை நீங்கள் சுத்திப் பாத்தனீங்கள்."

அன்று எல்லாம் நேரத்துக்கு நடந்தது. ஆனால் தெல்லிப்பழைக்கு மேற்கே இருந்து ஒருவர்கூட ஏறவில்லை. ஏற முடியாது, பஸ் அங்கே போகவில்லை.

மாலையில் அன்ரன் கேட்டார்: "நாளைக்கு வட்டமா ஓடேக்கை பிந்தினா என்ன செய்யிறது மிஸ்?"

யோசிக்காமல் சொன்னேன். ரொம்பப் பிந்திவிட்டால் சுற்றை முடிக்க வேண்டாம். தெல்லிப்பழையிலேயே வண்டியைத் திருப்பி, வந்த வழியே கோப்பாய்க்குப் போய்விடுங்கள். அடுத்த சுற்று சரியான நேரத்தில் தொடங்கும். எல்லா ஊரிலும் செய்வதுதான்.

"அப்ப சரி," என்றார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வட்டம் தொடங்கியது. கோப்பாய்த் தோட்டங்களில் நீர் இறைக்கும் சத்தம் கேட்டது. தெல்லிப்பழையில் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் இறங்கினார்கள். பண்டத்தரிப்பில் கணவனும் மனைவியுமாக இருவர் ஏறினார்கள். மனைவி மலர், முன்பள்ளி ஆசிரியை. கணவர் தியாகு மெலிந்து, கழுத்தில் ஒரு துவாய்த் துண்டைச் சுற்றியிருந்தார். என் பக்கத்தில் மலர் உட்கார்ந்தார்.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

"தெல்லிப்பழைக்கு. இவருக்குத் திங்களிலை இருந்து வெள்ளி வரை ஒவ்வொரு நாளும் அங்கை சிகிச்சை."

தெல்லிப்பழை எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பஸ் அதற்கு எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தது. அவருக்குத் தெரியுமோ தெரியாதோ என்று நான் தயங்க, "தெரியும், பட்டணம் போய்ச் சுத்தித்தான் போகும்," என்றார். "போகேக்கை சுத்தினாப் பரவாயில்லை. இருந்து கொண்டு போவார். ஊசியும் மருந்தும் ஏறின பிறகு வாறதுதான் கரைச்சல். அது இந்தப் பஸ்ஸிலை கிட்ட."

ஓட்டோவில் போகலாமே என்றேன். குலுக்கினால் அவருக்குச் சத்தி வரும் என்றார். சத்தி என்றால் வாந்தி. அந்தப் பக்கம் வேறு பஸ் எப்போதாவதுதான் வரும்.

எனக்குக் கொஞ்சம் உற்சாகமாகவே இருந்தது. வட்டத்துக்கு ஆதரவாக ஒரு நோயாளியே சாட்சி சொல்கிறார். குறிப்பெழுதும் எண்ணம்கூட வந்தது.

மானிப்பாயில் கூட்டம். பட்டணத்தில் இன்னும் கூட்டம். பஸ் நிலையத்தில் ஒருவர் கண்ணாடிப் பெட்டியில் வடையும் ரோல்ஸும் கொண்டுவந்தார். தியாகு முகத்தைத் திருப்பிக்கொண்டார், எண்ணெய் வாடை அவருக்கு ஆகவில்லை. நான் வாங்கிய ரோல்ஸைப் பையில் போட்டுக்கொண்டேன். பட்டணத்தைத் தாண்டி இருபாலைக்குக் கிட்ட வரும்போது பின்சக்கரத்து டயர் வெடித்தது.

எல்லோரும் இறங்கினோம். யாரும் அலுத்துக்கொள்ளவில்லை. எதிர் வீட்டிலிருந்து ஒரு பெண் பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து தியாகுவுக்குப் போட்டார். பிறகு எல்லோருக்கும் பிளேன் ரீ வந்தது. பாலில்லாத தேநீர், சர்க்கரையைக் கையில் கொடுத்தார்கள். நக்கிக்கொண்டு குடிக்க வேண்டும். சென்னையில் நடுவழியில் பஸ் நின்றால் நடத்துனரைச் சுற்றி ஒரு கூட்டம் கூடும், கட்டணத்தைத் திருப்பிக் கேட்கும். இங்கே ஜாக்கி பிடிக்காத அச்சைப் பற்றி நாலு பேர் குந்தியிருந்து அன்ரனுக்கு ஆலோசனை சொன்னார்கள். மாற்றுச் சக்கரத்திலும் காற்று குறைவு. ஒருவர் மோட்டார் சைக்கிளில் அதை ஏற்றிக்கொண்டு போய்க் காற்றடித்து வந்தார். தியாகு கதிரையில் தூங்கிவிட்டார். மலர் அவர் தலை சாயாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

தெல்லிப்பழைக்குப் போனபோது அவருடைய முறை தாண்டிவிட்டிருந்தது. கடைசியில் எடுக்கிறோம் என்று உள்ளே சொன்னார்கள். பஸ் அடுத்த சுற்றுக்குப் போனது. பயணிகள் எப்படித் திரும்புகிறார்கள் என்று பார்ப்பதற்காக நான் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டேன். பையிலிருந்த ரோல்ஸைச் சாப்பிட்டேன். ஆறிப்போயும் நன்றாக இருந்தது.

தாமதம் நான் அலுவலகத்தில் வரைந்து காட்டுவதுபோலவே நடந்துகொண்டது. அன்ரனுக்கு எங்கும் நிற்க இடமில்லை, நேரத்தைப் பிடிக்க வழியில்லை. பிந்தி வந்ததால் ஒவ்வொரு இடத்திலும் கூட்டம் சேர்ந்தது, கூட்டம் ஏறி இறங்கியதில் இன்னும் பிந்தியது. தியாகு சிகிச்சை முடிந்து வந்து வெளியே வாங்கில், அதாவது பெஞ்சில், சாய்ந்திருந்தார். முகம் சாம்பல் நிறம். கோப்பாய்ப் பக்கம் போக வேண்டியவர்களும் அதே இடத்தில் காத்திருந்தார்கள், கையில் குழந்தையோடு ஒரு பெண், கைத்தடி வைத்த ஒருவர், இன்னும் சிலர்.

பஸ் வந்தது. நேரே மேற்கு நோக்கிப் போகாமல் வாசலுக்கு எதிரே பின்வாங்கி, மூக்கைக் கோப்பாய்ப் பக்கம் திருப்பி நின்றது. நடத்துனர்ப் பையன் இறங்கி, "கோப்பாய், கோப்பாய் மட்டும்!" என்றான். கோப்பாய்க்காரர்கள் முகம் மலர்ந்து ஏறினார்கள். அவர்களுக்கு இது குறுக்குவழி.

மலர் எழுந்து பஸ்ஸுக்குக் கிட்டப் போனார். "பண்டத்தரிப்பு?"

"இண்டைக்குப் போகாது அக்கா. பிந்திட்டுது."

மலர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இது என் ஏற்பாடு என்பது அவருக்குத் தெரியாது. நான்தான் சாரதி சன்னலுக்குக் கீழே போனேன்.

"அண்ணே, இவங்களை விட்டுட்டுப் போறீங்களா?"

அன்ரன் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. "நீங்கள் சொன்னபடிதான் திருப்பினனான் மிஸ். இப்பவும் நீங்களே சொல்லுங்கோ. எந்தப் பக்கம்?"

 இத்தனை ஆண்டுகளில் எத்தனை அறிக்கைகளில் 'தாமதத்தின்போது இடையில் திருப்புக' என்று எழுதியிருக்கிறேன். இறங்க வேண்டியவர்களுடைய முகம் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. இப்போது இரண்டு பக்கத்து முகங்களும் தெரிந்தன. குழந்தை வைத்திருந்த பெண்ணும் காலையிலிருந்து வாங்கில் இருந்தவர்தான்.

"சுத்திப் போங்க," என்றேன்.

கைத்தடிக்காரர், "உவ ஆர் சொல்ல?" என்றார். நியாயமான கேள்வி.  குழந்தை வைத்திருந்த பெண் உள்ளேயிருந்தே சொன்னார்: "அந்த அண்ணையைப் பாருங்கோ, நிக்கவே ஏலாமல் நிக்கிறார். சுத்திப் போவம், எனக்கு அவசரமில்லை." கைத்தடிக்காரருக்கு அவசரம் இருந்தது. இன்னும் இரண்டு பேரோடு இறங்கி, என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட்டு, ஓட்டோவில் ஏறிப் போனார்.

வழியில் இரண்டு இடத்தில் தியாகுவுக்காக நிறுத்த வேண்டியிருந்தது. அன்ரன் ஒவ்வொரு முறையும் எஞ்சினை நிறுத்திவிட்டு, தண்ணீர்ப் போத்தலைச் சன்னல் வழியாக நீட்டினார். பண்டத்தரிப்பில் இறங்கும்போது மலர் நடத்துனரிடம் ஒன்றைத்தான் கேட்டார்.

"திங்கக்கிழமை உந்தப் பஸ் வருமோ, வராதோ?"

நடத்துனர் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

சனிக்கிழமை அன்ரன் குருநகருக்கு அழைத்துப் போனார். கூழ் வைத்திருந்தார்கள். நண்டு, இறால், மீன், மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம், பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவில் ஒன்றாகக் கொதித்துக்கொண்டிருந்தன. பலா இலையைக் கோலிக் குடித்தோம். காரம் காதுவரை ஏறியது. முந்தின நாள் நடந்ததற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க நினைத்துப் போனேன். தொடங்கியதுமே, "அதை விடுங்கோ, நண்டுக்காலைக் கடியுங்கோ," என்றார். அவர் மனைவி ரீற்றா மட்டும், "நேற்று வந்து சாப்பிடேல்லை, அந்த ஆளின்ரை முகம் கண்ணுக்குள்ளை நிக்குது எண்டவர்," என்றார். அன்ரன் எழுந்து வெளியே போய்விட்டார்.

பிற்பகல் பட்டணத்தில் ஐஸ்கிரீம் கடை ஒன்றில் தவராணியும் நானும் உட்கார்ந்தோம். எங்கள் ஊரில் குழந்தைகளுக்காகப் பெரியவர்கள் வருவார்கள். இங்கே வேட்டி கட்டிய பெரியவர்கள் தனியாக வந்து உயரமான கண்ணாடிக் கிண்ணத்தில் மும்முரமாகச் சாப்பிட்டார்கள். மேசையில் இருந்த கைதுடைக்கும் தாளில் வட்டத்தை வரைந்தேன். கோப்பாய், தெல்லிப்பழை, பண்டத்தரிப்பு, பட்டணம். வரைந்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். சன்னலுக்கு வெளியே மானிப்பாய் பஸ், பருத்தித்துறை பஸ், இன்னொரு மானிப்பாய் பஸ்.

தவராணி என் பேனாவை வாங்கிப் பட்டணத்தின் மேல் ஒரு கோடு போட்டாள்.

"இஞ்சை வர எல்லாருக்கும் பஸ் இருக்கு. எங்கடை பஸ் ஏன் வரோணும்?"

பட்டணத்தை எடுத்துவிட்டால் வட்டம் அறுந்து, குதிரை லாடம்போல ஆனது. ஒரு முனை கோப்பாய், மறு முனை பண்டத்தரிப்பு, நடுவே தெல்லிப்பழை. அதில் போய், அதிலேயே திரும்பினால் இரண்டு ஊருக்கும் போவதும் குறுக்கே, வருவதும் குறுக்கே. இரண்டு முனையிலும் நின்று மூச்சு விடலாம். இவ்வளவு எளிதாக இருந்தது ஏன் மூன்று நாளாகத் தெரியவில்லை என்று கேட்டேன்.

"தெரியாமலில்லை," என்றாள். "அண்ணைக்குச் சொல்ல ஆள் இல்லை." கிண்ணத்தின் அடியைச் சுரண்டினாள். "நான்தான் சொல்லோணும் போலை கிடக்கு."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தவராணியின் கணவருடைய ஊர்ச் சனசமூக நிலையத்தில். இரண்டு ஊராரும் இரண்டு பக்கமாக உட்கார்ந்தார்கள். நான் கரும்பலகையில் வட்டத்தை வரைந்து, வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். என் சென்னைத் தமிழுக்கு முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "படத்திலை கதைக்கிற மாதிரிக் கிடக்கு" என்று கேட்டது. திருப்பச் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். அன்ரன் பின்னால் தலையைக் குனிந்தபடி நின்றார்.

பிறகு தவராணி எழுந்து வந்து, துடைப்பானை எடுத்துப் பட்டணத்தை அழித்தாள்.

கந்தசாமி எழுந்தார். "பட்டணம் போகாத பஸ் என்ன பஸ்?"

"ஆஸ்பத்திரிக்குப் போற பஸ் அண்ணை."

"ரொறன்ரோவிலை இருக்கிற பெடியளுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது? எங்கடை ஊர்ப் பேரோடை பஸ் பட்டணத்து நிலையத்திலை நிக்கும் எண்டு சொல்லித்தான் கேட்டனான். அவங்கள் அந்தப் படத்தைப் பாக்கத்தான் தந்தவங்கள். என்ரை வாக்கு ஒண்டு இருக்கு."

கோப்பாய்ப் பக்கத்தில் பலர் தலையசைத்தார்கள். அவர் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்காணாத ஊரில் பனியில் வேலை செய்கிறவனுக்குத் தன் ஊர்ப் பெயர் பட்டணத்தில் நிற்கிற படம் பெரிய விஷயம்தான்.

"அண்ணை," என்றாள் தவராணி.  "கோப்பாயிலை கையைக் காட்டினாப் பட்டணத்துக்கு பஸ் நிக்குது. தெல்லிப்பழைக்கு நிக்குதோ? எங்கடை அம்மாவை எதிலை கொண்டு போனனாங்கள்? பட்டணம் போய், மாறி, நிண்டு, பேந்து மாறி. நீங்களும்தானே கூட வந்தனீங்கள்."

 கந்தசாமி தங்கையைப் பார்த்தார், உட்கார்ந்தார். பின்வரிசையில் நின்ற மலர் கையை உயர்த்தினார். எல்லோரும் திரும்பினார்கள். அவர் வெள்ளிக்கிழமை கேட்டதையேதான் கேட்டார்: நாளைக்குப் பஸ் வருமோ, வராதோ.

கை தூக்கச் சொன்னார்கள். கோப்பாய்ப் பக்கத்திலும் சில கைகள் எழுந்தன. லாடம் வென்றது, பெரிய வித்தியாசத்தில் இல்லை. கந்தசாமி கை தூக்கவுமில்லை, எதிர்க்கவுமில்லை. கூட்டம் முடிவதற்குள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தவராணி கரும்பலகையைச் சுத்தமாகத் துடைத்தாள், துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.  வீடு திரும்பி இருவரும் பாண் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டோம்.

என் மெட்ரோவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: வட்டம் வேண்டாம் என்று என் குறிப்பில் எழுதினேன். மேலதிகாரி அதற்கு எதிராக எழுதினார். அந்த நகரத்தில் இன்னும் எதையும் தோண்டவில்லை. ஒரு பஸ்ஸை வைத்து ஒரு ரயில் தடத்தைத் தீர்மானிக்க முடியாது என்று அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. நூறு ரயில் இருந்தால் இரண்டு திசையிலும் சுற்றலாம், கணக்கு வேறு.

திங்கட்கிழமை எனக்குப் பிற்பகலில் விமானம். லாடத்தின் மறுமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு, திரும்பும்போது தெல்லிப்பழையிலிருந்து பலாலிக்கு ஓட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று, பையோடு முதல் பஸ்ஸிலேயே ஏறினேன். தவராணிக்குப் பள்ளிக்கூடம். படலையில் நின்று வழியனுப்பினாள்.

அடுத்த சந்தியில் கந்தசாமி நின்றார், வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. அன்ரன் நிறுத்தினார். ஏறிச் சாரதிக்குப் பின்னால் உட்கார்ந்தார். எனக்குத் தலையசைத்ததோடு சரி. குற்றம் கண்டுபிடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். தெல்லிப்பழை தாண்டி மேற்கே திரும்பியபோது எழுந்து நின்று பார்த்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறியவர்களைப் பார்த்தார்.

பண்டத்தரிப்பில் பஸ் முனைக்கு வந்து நின்றது. அன்ரன் இறங்கி, முதுகை நெட்டி முறித்துக்கொண்டு, ஆற அமர முகம் கழுவினார். தியாகு தனியாக வந்து ஏறினார். அவரிடம் ஒரு துணிப்பையும் சுடுதண்ணீர்ப் போத்தலும் இருந்தன.

கந்தசாமி கேட்டார்: "கூட ஒருத்தரும் வரேல்லையோ?"

"இல்லை அண்ணை. அவவுக்கு முன்பள்ளி. லீவு எல்லாம் முடிஞ்சுது. பஸ் நேரதானே போகுது, நான் தனியப் போவன் எண்டு சொன்னனான்."

கந்தசாமி நகர்ந்து இடம் கொடுத்தார். கொஞ்ச தூரம் போனதும், தோட்டம் செய்யிறனீரோ என்று கேட்டார். முந்தி வெங்காயம் வைத்ததாகத் தியாகு சொன்னார். எந்த மண், எத்தனை இறைப்பு என்று பேச்சு போனது. தியாகு பதில் சொல்ல மூச்சு வாங்கியதால் அது மெதுவாகத்தான் போனது. கந்தசாமி ஒவ்வொரு பதிலுக்கும் காத்திருந்தார்.

தெல்லிப்பழையில் நான் பையோடு இறங்கினேன். எனக்குப் பின்னால் தியாகு, அவருக்குப் பின்னால் கந்தசாமி. தியாகுவின் பையும் போத்தலும் கந்தசாமியின் கையில் இருந்தன. அன்ரன் ஹோர்ன் அடித்து, "அண்ணை, ஏறுங்கோ, வெளிக்கிடப் போறன்," என்றார். கந்தசாமி போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பஸ் போனது.

நான் ஓட்டோக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கையில் அவர் வாசலில் நின்று தொலைபேசியில் பேசுவது கேட்டது.

"தவா, நான்தான். ஓம், தெல்லிப்பழையிலை. நான் இவரோடைதான் வருவன்." சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் ஓடுது. அது பேந்து கதைப்பம். நீ அந்தப் பிள்ளை மலருக்கு ஒருக்கா எடுத்துச் சொல்லு, பக்கத்திலை ஆள் இருக்கு எண்டு."

தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எந்தப் பக்கம் என்று தியாகுவிடம் கேட்டார். தியாகு கையைக் காட்டினார். இருவரும் மெல்ல உள்ளே போனார்கள்.